வலப்பக்கம் சுற்றும் மேசை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஒருவரும் இடையில் கேட்கக் கூடாது. கனடாச் சீட்டுக் கட்டையும் லண்டன் சீட்டுக் கட்டையும் ஒரே மேசையில் சரித்தவள் நான்தான். மேரிசுகந்தி. ஊர்காவற்றுறை. தொழில் தையல். கேட்காதவர்களுக்கும் இதைச் சொல்லி வருகிறேன். அதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது.

சண்டை ஓய்ந்து கண்டி வீதி திறந்த வருடம், இரண்டாயிரத்து இரண்டில், தேனுஜன் கனடாவிலிருந்து வந்தான். என் சினேகிதி சிவரூபிக்குப் பெரியம்மாவின் மகன். இருபது வயது. நயினாதீவுத் திருவிழாவுக்கு என்று வந்தவன், ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய மிருகப் படம் போட்ட விளையாட்டுக் காட் கொண்டுவந்தான். அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு நீட்டுப் பெயர் இருந்தது. நாங்கள் மிருகக் கட்டு என்போம். ஒரு பின்னேரம் என்னையும் சிவரூபியையும் எதிரெதிரே இருத்தி விளையாடக் காட்டித் தந்தான்.

நாங்கள் வழக்கமாக ஆடுகிற முந்நூற்றிநாலு சீட்டாட்டம் போல ஒரே கட்டை எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பதில்லை. ஆளுக்கொரு கட்டு, நாற்பது காட். எந்த நாற்பது என்பதை நாமே தெரிந்தெடுத்து அடுக்க வேண்டும். விளையாட்டின் பாதி அந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஆளுக்கு இருபது உயிர். மிருகத்தை இறக்குவதற்குத் தீனிக் காட் வேண்டும். அடிக்கப் போன மிருகம் களைத்துச் சரிந்து படுத்துவிடும். அடுத்தவரின் ஆட்டம் முடிந்த பிறகுதான் எழும்பும்.

போகும்போது பெட்டியை எங்களிடம் தந்தான். "அக்கா, நல்லதெல்லாத்தையும் நான் எடுத்திட்டன். இது குப்பை. வைச்சு விளையாடுங்கோ."

குப்பையாம்! வாயில் வந்ததைச் சிவரூபிக்காக விழுங்கினேன்.

குப்பை இருநூற்று முப்பத்தாறு காட். அதில் தீனி எழுபது. சிவரூபி கணக்கு ரீச்சர். எண்ணாமல் ஒன்றையும் தொடமாட்டாள். சனசமூக நிலையத்தில் பேப்பர் வாசிக்கிற மேசையில் ஞாயிறு பின்னேரங்களில் நால்வர் கூடினோம். நான், சிவரூபி, கடலுக்குப் போகிற என் தம்பி டிலோன், காரைநகர்ப் படகில் வேலை செய்கிற சில்வெஸ்ரர் அண்ணை. நாலு பேர் எப்படி விளையாடுவது என்று தேனுஜன் சொல்லித் தரவில்லை. அதற்கென்ன? காட் என்றால் முறை வலப்பக்கம்தான் போகும். முந்நூற்றிநாலில் அப்படித்தானே. அதை ஒருவரும் கேட்கவுமில்லை, ஒருவரும் சொல்லவுமில்லை; விளையாடத் தொடங்கிவிட்டோம்.

மற்ற மூவரும் பெரிய மிருகங்களாகப் பார்த்து அடுக்கினார்கள். டிலோனிடம் யானைத் தலையும் முதலை வாலுமாக ஒன்று இருந்தது; ஒரே அடியில் ஏழு உயிர் குடிக்கும். அதை அவன் கும்பிடாத குறை. நான் மூன்று சின்னக் காட்டைப் பிடித்துக்கொண்டேன். படத்தில் உள்ளவை உண்மையில் என்ன சாதியோ, நாங்கள் வைத்த பெயர் திருக்கை, சங்கு, நண்டு. திருக்கை, என் இடப்பக்கம் இருப்பவரின் படுத்திருக்கிற மிருகம் ஒன்றை என் பக்கம் இழுத்துவரும். சங்கு மேசையில் கிடந்தால், அப்படி இழுபட்டு மிருகம் வருகிற ஒவ்வொரு தரமும் மற்ற மூவருக்கும் ஒவ்வோர் உயிர் போகும். நண்டு, வந்த மிருகத்தைப் படுத்தபடியே சொந்தக்காரரிடம் திருப்பித் தள்ளும். திருக்கையை மறுபடி என் கைக்கு எடுத்துத் தரும். இரண்டாம் தரம் இறக்கத் தீனியும் கேளாது.

ஒன்றொன்றாய்ப் பார்த்தால் குப்பைதான். மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். இழு, ஊது, தள்ளு. மறுபடி இழு. முறை வலப்பக்கம் போவதால், எனக்குச் சற்று முன் ஆடி முடித்தவர் என் இடப்பக்கத்தார். அவர் அடித்த மிருகம் ஒன்றாவது படுத்திருக்கும். அந்த ஒன்று போதும், மூன்று பேரின் இருபது உயிரும் ஒரே மூச்சில் போய்விடும்.

கண்டுபிடித்தது ஒரு நாளில். திருத்தி எடுக்க ஒன்றரை வருடம் பிடித்தது. முதல் கட்டில் மூன்றும் கைக்கு வர ஒன்பதாம் சுற்றாகும். அதற்குள் யானைமுதலை என்னை மிதித்துவிடும். சிவரூபி ஒவ்வோர் ஆட்டத்தையும் கொப்பியில் எழுதினாள். தீனியை இருபதிலிருந்து பதினைந்தாகக் குறைத்தேன். நண்டைக் கையில் வைத்துக்கொண்டு இறக்க வழியில்லாமல் முழுசினேன். பதினெட்டுப் போட்டால் கை நிறையத் தீனி, இறக்க மிருகமில்லை. பதினேழு சரிவந்தது. மற்றவர்களும் என்னைப் பார்த்துப் பதினேழுக்கு வந்தார்கள். பெரிய மிருகம் அத்தனையையும் கழற்றினேன். சட்டை தைப்பதும் இப்படித்தான். நல்ல துணியென்று மிச்சத்தை உள்ளே மடித்துவிட்டால் போடுகிறவருக்குக் குத்தும். கட்டைப் புரட்டி வேண்டிய காட்டைத் தேடித் தருகிற ஆந்தை நாலு வைத்தேன். ஒரு சுற்றுக்கு அடி விழாமல் காக்கிற மதில் இரண்டு. கடைசியில் பத்து ஆட்டத்தில் ஏழில், ஆறாம் சுற்றிலேயே மூன்றும் வந்து நின்றன. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

இன்னொன்றும் படித்தேன். நால்வர் மேசையில் ஆர் பெரிய ஆளாகத் தெரிகிறாரோ அவருக்குத்தான் முதல் அடி. ஆகவே நண்டை மட்டும் வெளியே விட்டுவிட்டு ஒன்றுமில்லாதவள் போல இருப்பேன். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு.

ஆறு கிழமை தொடர்ந்து தோற்ற பிறகு டிலோன் ஒரு வேலை பார்த்தான். பெட்டியின் அடியில் காற்றாடிப் படம் போட்ட காட் ஏழு கிடந்தன. 'இனி ஆட்டம் மறுபக்கம் சுற்றும்' என்று மட்டும் அவற்றில் எழுதியிருந்தது. இரண்டு பேர் விளையாடினால் அதற்கு ஒரு வேலையுமில்லை. அதனால்தான் தேனுஜன் ஏழையும் எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனான். டிலோன் அதில் ஒன்றை மேசையில் போட்டான். முறை இடப்பக்கம் திரும்பியது. என் இடப்பக்கத்தார் எனக்குப் பிறகு ஆடுகிறவராகிவிட்டார். என் முறை வரும்போது அவருடைய மிருகமெல்லாம் எழும்பி நின்றன. என் திருக்கைக்கு இழுக்க ஒன்றுமில்லை.

"எப்பிடியக்கா காத்து?" என்றான்.

"எடேய், இதுவும் ஒரு விளையாட்டோ? எரிச்சல் பிடிச்சவனே! இனி இந்தக் காட் இந்த மேசைக்கு வரக்கூடாது. வந்தால் நான் எழும்பிப் போயிடுவன்."

"விடடா," என்றார் சில்வெஸ்ரர் அண்ணை. "உன்ரை அக்காவுக்குக் கோவம் வந்தால் என்ன நடக்குமெண்டு தெரியும்தானே."

ஏழு காட்டையும் என் தையல் பைக்குள் போட்டுக்கொண்டு போய், மிஞ்சுகிற நூலைச் சுற்றிவைக்கப் பாவித்தேன். அவ்வளவுதான் அதற்கு நான் கொடுத்த மரியாதை.

இரண்டாயிரத்து நாலு ஆவணியில் தேனுஜன் மறுபடி வந்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரி மண்டபத்தை எடுத்து, விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ரவுணில் இருக்கிற பெடியளுக்குமாக ஒரு போட்டி வைத்தான். எட்டுப் பேர், இரண்டு மேசை. ஒவ்வொரு மேசையிலும் கடைசிவரை நிற்கிற இருவர் இறுதி மேசைக்குப் போவார்கள். இறுதி மேசையில் வெல்கிறவர் மற்ற மூவரின் கட்டையும் எடுத்துக்கொள்ளலாம். "அக்காவைப் பாக்க வரச் சொல்லுங்கோ," என்று சிவரூபியிடம் சொல்லியனுப்பினான். பார்க்க!

"விளையாட வாறன் எண்டு சொல்லும்," என்றேன்.

சிவரூபி கொப்பியை மூடினாள். "சுகந்தி, யோசிச்சுச் சொல்லும். ஒரு கட்டுக்குத் தீனி பதினேழு. எங்களிட்டை இருக்கிறது எழுபது. உம்மடை கட்டுப் போனால் மிச்சம் மூண்டு பேருக்குத்தான் காணும். இந்த மேசையிலை ஒராள் எழும்பவேணும்."

அந்த ஞாயிறுகளை நினைத்துத்தான் நாங்கள் நால்வரும் கிழமையைத் தள்ளிக்கொண்டிருந்தோம். சில்வெஸ்ரர் அண்ணை தன் கட்டிலிருந்து ஓர் ஆந்தையை உருவி என் முன்னால் வைத்தார். சிவரூபி ஒரு மதில் தந்தாள். டிலோன் யானைமுதலையை நீட்டினான்.

"வேண்டாமடா. அது என்ரை கட்டுக்குப் பாரம்."

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனால் பாசத்துக்காகக் கட்டில் ஒரு காட் வைக்க முடியாது.

அந்தச் சனிக்கிழமை சிவரூபியும் டிலோனும் நானும் காலை பஸ்ஸில் போனோம். மண்கும்பான் சோதனைச் சாவடியில் நேவிக்காரன் தையல் பையைத் திறந்து, மிருகப் படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

முதல் மேசை. என் ஆட்டத்தை முடித்துவிட்டு வலப்பக்கத்து ரவுண் பெடியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு காட் எடுத்தது.

"தம்பி, உம்மடை முறை இல்லையே?"

"இடப்பக்கம்தான் அக்கா போகும்," என்றான் ரவுண் பெடியன். "ரூல் புத்தகத்திலை இருக்கு."

ஒன்றரை வருடமாகத் திருத்திய கட்டு! அத்தனையும் எங்கள் மேசையின் சுற்றுக்குத் திருத்தியது. இங்கே என் திருக்கை வெறும் கடதாசி. சுவரோரம் நின்ற சிவரூபியைப் பார்த்தேன், அவளுக்கும் விளங்கிவிட்டது. பிறகென்ன, நண்டையும் மதிலையும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தேன். பெரிய ஆட்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். இருவர் விழுந்தபோது நான் நாலு உயிரோடு மிஞ்சி நின்றேன். அந்தோனியாரே, உமக்கு மெழுகுதிரி கடன்.

சாப்பாட்டு இடைவேளையில் ஐந்து காட் வரை மாற்றலாம் என்றார்கள். விரும்பினால் விலகலாம், விலகினால் கட்டுத் தப்பும்.

"போவம் சுகந்தி," என்றாள் சிவரூபி. "இவ்வளவு தூரம் வந்ததே பெரிய காரியம்."

"வெல்லவுமில்லை, தோக்கவுமில்லை, பயந்து வந்திட்டன் எண்டு போய்ச் சொல்லவோ?" எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்துத் தேனுஜன் சோற்றுப் பார்சலோடு வந்து என் காட்டுகளை எட்டிப் பார்த்தான்.

"நண்டும் சங்கும் வைச்சு என்ன அக்கா, கூழ் காய்ச்சப் போறியளோ?"

அவன் போனதும் டிலோன் கேட்டான். "அக்கா, அந்தக் காத்துக் காட் எங்கை?"

தையல் பை என் மடியில்தான் இருந்தது. ஊசி நூல் இல்லாமல் நான் வீட்டை விட்டு வெளிக்கிடுவதில்லை. கறுப்பு நூல் சுற்றியது, சிவப்பு நூல் சுற்றியது, நீலம், பச்சை, ஏழும் உள்ளே கிடந்தன. என்னை மறிக்க அதைக் கொண்டுவந்தவன் இவன். திட்டி விலக்கியவள் நான். இப்போது அதே காட்டால்தான் என் கட்டுக்கு உயிர் வரவேண்டும்.

"அண்டைக்கு உன்னைப் பேசினது என்ரை பிழையடா," என்றேன். என் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம். டிலோன் பயந்தே போனான்.

மூவருமாக நூலைக் கழற்றினோம். ஆந்தையில் மூன்றும் மதிலில் இரண்டும் வெளியே போயின. காற்று ஐந்து உள்ளே வந்தன. போட்டியில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பிளாஸ்ரிக் உறை தந்திருந்தார்கள். உறைக்குள் போட்டதும் எல்லாக் காட்டும் ஒன்றுபோலானது.

இறுதி மேசையில் என் இடப்பக்கம் தேனுஜன். எதிரே லண்டனிலிருந்து வந்த ஒரு பிள்ளை, வலப்பக்கம் அதே ரவுண் பெடியன். நான் நண்டை இறக்கினேன், சங்கை இறக்கினேன். தேனுஜன் சிறகு வைத்த பெரிய மிருகம் ஒன்றை இறக்கினான். ஒரே அடியில் ஒன்பது உயிர் குடிக்கிறது. முதல் அடி எனக்குத்தான் விழுந்தது. பதினொரு உயிர் மிச்சம். அடுத்த சுற்றில் காற்று கைக்கு வந்தது. போட்டேன்.

தேனுஜன் அதை வாசித்துவிட்டுச் சிரித்தான். "இது நான் குப்பையெண்டு தந்ததெல்லோ?"

"ஓம். நீர் தந்ததுதான்."

முறை வலப்பக்கம் திரும்பியது. ரவுண் பெடியன் ஆடினான், லண்டன் பிள்ளை ஆடினாள், பிறகு தேனுஜன். அவன் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் ஒன்றும் படுக்காது, அடுத்த சுற்றுவரை நான் தாங்கமாட்டேன். திருக்கை என் கையில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் என் பக்கத்தைப் பார்த்தான். ஒரு நண்டு, ஒரு சங்கு. சிறகு மிருகத்தை என் மேல் ஏவினான். இரண்டு உயிர் மிச்சம். மிருகம் சரிந்து படுத்தது.

இனி என் முறை.

"திருக்கை," என்றேன். சிறகு மிருகம் என் பக்கம் வந்தது. "சங்கு. மூண்டு பேருக்கும் ஒண்டு போச்சு. நண்டு. இந்தாரும் உம்மடை மிருகம், படுத்தபடி. திருக்கை."

மூன்றாம் தரம் லண்டன் பிள்ளை கையிலிருந்த காட்டுகளைக் கீழே வைத்தாள். ஐந்தாம் தரம் ரவுண் பெடியன் ரூல் புத்தகத்தைப் புரட்டினான். அதில் ஒரு பிழையும் அகப்படவில்லை. "நிப்பாட்டுங்கோ அக்கா, விளங்கீட்டுது," என்றான் தேனுஜன். நான் நிறுத்தவில்லை. கடைசி உயிர்வரை மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி எண்ணினேன். டிலோன் விசிலடித்தான். கணக்கு ரீச்சர் சிவரூபி கொப்பியைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினாள்.

மூன்று கட்டையும் தையல் பைக்குள் வைத்துக்கொண்டு வெளிக்கிட, தேனுஜன் பின்னால் ஓடிவந்தான். "அக்கா, அந்தச் சிறகுக் காட்டை மட்டும் தாங்கோவன். வேறை நல்லது ஏதாவது..."

"ஏலாது தம்பி. ஆசையெண்டால் நாளைக்கு ஊர்காவற்றுறைக்கு வாரும். எங்கடை மேசையிலை வெண்டு கொண்டுபோம்."

வந்தான். ஒருவர் எழும்ப வேண்டும் என்று பயந்த இடத்தில், வென்ற கட்டுகளின் தீனியும் சேர்ந்ததால், அன்றைக்கு ஊர்ப் பிள்ளைகளையும் சேர்த்து இரண்டாவது மேசை போட்டிருந்தோம். காற்றுக் காட்டுக்கு இருந்த தடையை நானே நீக்கிவிட்டேன். தேனுஜனிடம் இப்போது கட்டு இல்லை. சில்வெஸ்ரர் அண்ணை தன் கதிரையை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு மற்ற மேசைக்குப் போனார். நான் அதே சப்பாத்துப் பெட்டியை அவன் முன்னால் தள்ளினேன். ஒவ்வொரு காட்டாக எடுத்துப் பார்த்து, யோசித்து, திருப்பி வைத்து, ஒரு மணித்தியாலத்தில் நாற்பது தெரிந்தெடுத்தான். குப்பை என்ற சொல் அவன் வாயில் வரவேயில்லை.

முதல் ஆட்டம் அவனுடையது. தீனி ஒன்று வைத்து, ஒரு நண்டை இறக்கினான். பிறகு, ஒருவரும் சொல்லாமலே வலப்பக்கம் திரும்பி, "உங்கடை முறை அண்ணை," என்றான் டிலோனிடம்.