ஆறு இலக்கம்

…திரைக்கம்பியிலிருந்து தரை வரைக்கும் அளக்க வேண்டும், ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து அல்ல, கம்பியிலிருந்து, இதை எத்தனை இடத்தில்தான் எழுதித் தொலைப்பது, வெப்சைட்டில் ஒரு தடவை, போட்டோ பக்கத்தில் ஒரு தடவை, வாட்ஸ்அப் குரூப்பில், வீடியோவுக்குக் கீழே, விளம்பரத்தில், ஒவ்வொன்றும் படத்துக்கு ஒவ்வொரு அளவு கேட்கிறது, ஒன்றுக்காக வெட்டினால் கம்பி காணாமல் போகிறது, இன்னொன்றுக்காக வெட்டினால் தரை காணாமல் போகிறது, நான் திரைச்சீலை தைக்கிறவள், துணியை வெட்டச் சொன்னால் தூக்கத்தில்கூட நேராக வெட்டுவேன், இந்தப் படங்களை வெட்டி வெட்டி உயிர் போகிறது. மணி ஒன்பது நாற்பது. ஐந்து இடத்திலும் மாற்றியாயிற்று. பாக்கி வாராந்திர மெயில், அது பத்து மணிக்கு யாரையும் கேட்காமல் தானே கிளம்பிவிடும், ஆயிரத்து நூறு பேருக்கு, அதன் கடைசியில் பழைய அளவுமுறை அப்படியே உட்கார்ந்திருக்கிறது, இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது, ‘ஜன்னலின் மேல்விளிம்பிலிருந்து அளந்து அனுப்புங்கள், மீதியை நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்கிறோம்!’ என்று. நாங்கள் இருவருமாம். எழுதியவள் தங்கை. இரண்டு மாதத்துக்கு வேண்டியதை முன்னாலேயே எழுதித் தேதியும் போட்டு வைத்திருந்தாள், அவள் கோபித்துக்கொண்டு போய் மூன்று வாரமாகிறது, அவளுடைய மெயில்கள் மட்டும் வியாழக்கிழமை தவறாமல் சிரித்துக்கொண்டே போகின்றன, இதற்கு நான் என்ன செய்ய?

மெயில் கணக்குக்குக் கடவுச்சொல்லைப் போட்டாயிற்று, அதை ஏற்றுக்கொண்டது, உடனே அடுத்த கேள்வி, உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம்… என் தொலைபேசிக்கா அனுப்பினார்கள், அவளுடையதற்கு, இந்தக் கணக்கை ஆரம்பித்த அன்று என் போன் வாளித் தண்ணீரில் விழுந்து ரிப்பேர் கடையில் கிடந்தது, ‘என் நம்பரையே போட்டுக்கலாம்க்கா, என்ன இப்ப’ என்று போட்டாள், என்ன இப்ப என்றால் இதுதான் இப்ப. நான் இங்கே பொத்தானை அமுக்கினால் இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி அவள் வீட்டில் போன் அதிரும், அவள் அந்த எண்ணை எனக்கு அனுப்புவாள். வெறும் எண். அக்கா என்று இல்லை, இந்தா என்று இல்லை. நானும் சரி என்றுகூடப் பதில் போட்டதில்லை. மூன்று வாரமாகத் தினமும் காலையில், ஆர்டர் மெயில் பார்க்க நான் உட்காரும்போது, ஆறு இலக்கம், அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. கூடப்பிறந்தவளோடு பேசுகிற லட்சணமா இது?

எல்லாம் அந்தப் பல் டாக்டரால் வந்தது. எட்டு ஜன்னல், எட்டுக்கும் அடர்நீலம், பதினோரு நாள் தைத்தேன், மாட்டிப் பார்த்துவிட்டு அவர் கூப்பிட்டார், “என்னம்மா, திரை எல்லாம் அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டு நிக்குது” என்றார், கிளினிக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரிப்பதும் கேட்டது, எனக்கு மானம் போயிற்று. வெப்சைட்டில் கம்பியிலிருந்து என்று இருந்தது, போட்டோ பக்கத்தில் மேல்விளிம்பிலிருந்து என்று இருந்தது, அவர் போட்டோ பக்கத்தைப் பார்த்து அளந்திருக்கிறார், கம்பிக்கும் விளிம்புக்கும் நடுவே எட்டு அங்குலம். போனை வைத்த கையோடு அவள் மேல் பாய்ந்தேன், “உனக்கு ஆச்சரியக்குறி போடத்தான் தெரியும், அளக்கத் தெரியுமா” என்றேன். “நீ சொன்னதைத்தானே போட்டேன்க்கா” என்றாள். சொன்னேன்தான். முதல் வருஷம் ஜன்னல் சட்டத்துக்குள் தொங்குகிற குட்டைத் திரைகள் மட்டும்தான் தைத்தேன், அதற்கு மேல்விளிம்புதான் சரி, பிறகு நீளத் திரைக்கு மாறினேன், வெப்சைட்டை நானே மாற்றினேன், அவளிடம்… சொல்லவில்லை. சொன்னதாக நினைத்துக்கொண்டேன். ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்த இரண்டு பேர், ஊருக்கெல்லாம் சொன்னோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. சரி, அதை இப்போது தோண்டி என்ன ஆகப் போகிறது, மணி ஒன்பது நாற்பத்தாறு.

எண் இன்னும் வரவில்லை. எப்போதும் அரை நிமிஷத்தில் வந்துவிடும், நான் எத்தனை மணிக்கு உட்கார்ந்தாலும், ஒருநாள் காலை ஆறரைக்குக்கூட வந்தது, அப்படியானால் அவள் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு… இருக்கட்டும். இன்று ஏன் வரவில்லை? வேறு வேலை கிடைத்துவிட்டதோ, அங்கே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்களோ, இல்லை, இனி இவளுக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்று தோன்றிவிட்டதா, தோன்றினால் என்ன தப்பு, நானாயிருந்தால் முதல் நாளே நிறுத்தியிருப்பேன். ஒன்பது ஐம்பது. மெயில் போனால் இன்னும் எத்தனை அரைக்கால் டவுசர் தைக்க வேண்டுமோ என்றுதான் கவலைப்பட வேண்டும், மனசு அதைக் கவலைப்படாமல் அவளைப் பற்றியே சுற்றிச் சுற்றி வருகிறது, உடம்புக்கு ஏதாவதா, கூப்பிடலாமா, கூப்பிட்டு என்னவென்று ஆரம்பிப்பது, மெயிலைப் பற்றியா, டாக்டரைப் பற்றியா… ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம். அதன் கீழே, ‘குளிச்சிட்டிருந்தேன்.’

ஒரு வார்த்தை. அவசர அவசரமாக எண்ணைப் போட்டேன், காலாவதியாகிவிட்டது என்றது. திரும்பப் பொத்தான், திரும்ப அவள் போன், இந்தத் தடவை பத்து விநாடிகூட ஆகவில்லை. உள்ளே போய் விளிம்பை எடுத்துவிட்டுக் கம்பியைப் போட்டேன், ‘நாங்கள் இருவரும்’ என்பதன் மேல் கர்சர் நின்றது, நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு அதை விட்டுவிட்டேன், சேமி, ஒன்பது ஐம்பத்தெட்டு. பத்துக்கு மெயில் போயிற்று. நாற்காலியில் சாய்ந்து, குளித்துக்கொண்டிருந்தவளுக்கு என்ன பதில் போடுவது என்று யோசித்தேன், ‘சரி’ என்று எழுதி அழித்தேன், ‘தலைக்கா?’ என்று எழுதி அழித்தேன், ‘தப்பு என்னோடதுதான்’ என்று எழுதி, அதையும் அழித்தேன், ஆயிரத்து நூறு பேருக்கு ஒரே தட்டில் அனுப்புகிறவளுக்கு ஒருத்திக்கு அனுப்பக் கை வரவில்லை. எரிச்சலில் கணக்கிலிருந்து வெளியேறக் கையைக் கொண்டுபோனேன், தினமும் செய்கிறதுதான்.

இவர் பின்னால் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார், காலையிலிருந்து என் புலம்பலைக் கேட்டு அவருக்கும் போதும் போதும் என்றாகியிருக்கும். “ஏம்மா, வேலை முடிஞ்சதும் எதுக்குத் தினமும் லாக் அவுட் பண்ற? உள்ளேயே இருந்தா அந்த நம்பரே கேக்காதே. நம்ம வீட்ல யாரு வந்து திருடப் போறா?”

பாதுகாப்புக்குத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வெப்சைட் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. போட்டோ பக்கமும் அப்படித்தான், வீடியோவும் அப்படித்தான். அவள் நம்பர் உள்ள இது ஒன்றைத்தான் தினமும் மூடுகிறேன், எண் போடுகிற கட்டத்துக்குக் கீழே ‘இந்தக் கணினியை நினைவில் வைத்துக்கொள்’ என்று ஒரு சின்னச் சதுரம் வேறு மூன்று வாரமாக இருக்கிறது, பார்த்திருக்கிறேன், ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. இவர் பதிலுக்காக நிற்கிறார்… நாளைக் காலை அவள் எத்தனை மணிக்குக் குளிப்பாள்?