பேக்கப் நின்ற காலைகள்

மாதத்துக்கு ஒரு முறை பேக்கப் நின்றுபோகும். எந்தத் தேதியில் என்று சொல்ல முடியாது. நின்றால், கோயம்புத்தூரிலிருந்து மருதாசலம் வந்து டேப் சாஃப்ட்வேரை அணைத்துத் திரும்பப் போடும்வரை ஓடாது.

2006இல் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பில் இருந்தது. நூல், சாயம், ஆர்டர், சம்பளம் எல்லாம் ஒரே டேட்டாபேஸில். அது தினமும் எடுக்கும் நகலை, அதாவது பேக்கப்பை, நேராக டேப்பில் எழுதாது. வேறொரு கம்பெனியின் சாஃப்ட்வேரிடம் கொடுக்கும். அது டேப்பில் எழுதும். நின்றால், டேட்டாபேஸ்காரர்கள் டேப் சாஃப்ட்வேரின் தப்பு என்பார்கள். டேப் சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆளான மருதாசலம் டேட்டாபேஸின் தப்பு என்பார். கடைசியில் இரண்டு பேரும் என் தப்பு என்பார்கள்.

ஐப்பசியில் முதலாளி ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டார்.

“என்ன அம்மிணி, மறுக்காவும் நின்னுபோச்சாமா?”

“ஆமா சார்.”

“பனியன் வாங்கற வெளிநாட்டுப் பையர் ஆடிட்டுக்கு வர்றான். தினமும் பேக்கப் இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கறேன். இன்னொருக்கா நின்னா ரூமை நித்தீஷ் பாத்துக்கட்டும். நீ பேக்கிங்ல ஸ்டிக்கர் ஒட்டு.”

நித்தீஷ் அவருடைய அக்கா மகன். என் அம்மா ஒச்சம்மாள் உசிலம்பட்டியிலிருந்து வந்து, பனியனில் பிசிறு வெட்டி என்னை எம்.எஸ்சி. படிக்கவைத்தவள். ஸ்டிக்கர் ஒட்ட எம்.எஸ்சி. தேவையில்லை.

முதலில் பேக்கப்பை டேப்புக்கு அனுப்பாமல் ஹார்ட் டிஸ்கில் எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக முடிந்தது. டேட்டாபேஸில் கோளாறு இல்லை. அடுத்து, டேட்டாபேஸைத் தொடாமல் டேப் சாஃப்ட்வேரிடம் ஒரு சின்னக் கோப்பை மட்டும் கொடுத்தேன். அதைக்கூட எழுதாமல் காத்துக்கிடந்தது.

மருதாசலம் வந்ததும் கீபோர்டை இழுத்தார்.

“ஒரு ரீஸ்டார்ட் போட்டாச் சரியாயிருமுங்க மேடம்.”

“சரியாகும். ஏன் நின்னுச்சுங்கிறது கடைசிவரைக்கும் தெரியாது. என்னைக்கு என்ன நடந்துச்சுன்னு சாஃப்ட்வேர் எழுதி வச்சிருக்குமே, முதல்ல அந்த லாக் ஃபைலைத் திறங்க.”

“பாஸ்வேர்டு குடுக்கறதுக்கு எங்காபீஸ்ல கேக்கோணுமுங்க.”

“கேளுங்க. நான் எங்கயும் போகல.”

ஆபீஸில் கேட்டுவிட்டுத் திறந்தார். டேப்பில் எழுதும் பெட்டியான டேப் டிரைவ், ஒரு காலையில் கொஞ்ச நேரம் சாஃப்ட்வேரின் கணக்கில் காணாமல் போயிருந்தது. பிறகு வந்துவிட்டது. ஆனால் ஒரு முறை காணாமல் போன டிரைவை அந்த சாஃப்ட்வேர் தானாகச் சேர்த்துக்கொள்ளாது. ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டும். முந்தைய மாதங்களிலும் அப்படியே. எல்லாம் காலை.

காலையில் நான் அந்த அறையில்தான் இருப்பேன். என் கண் முன்னால் அது ஒருநாளும் அணைந்ததில்லை. நான் இல்லாத காலை அமாவாசை மட்டும்தான். அன்று முதலாளி வீட்டார் கம்பெனியில் பூசை போடுவார்கள். அது முடிந்த பிறகுதான் எங்களை வரச் சொல்வார்கள். ஒரு வருஷமாக அதை நான் சலுகை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த அமாவாசையன்று பூசை முடியும் முன்பே போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே முதலாளியும் அவருடைய அம்மா ரங்காத்தாளும் நின்றார்கள். சர்வர் பூட்டிய அலமாரிக்குள் இருந்தது. டேப் டிரைவ் மேசைமேல். அந்த அம்மா அதன் சுவிட்சை அணைத்து, சந்தனம் வைத்து, தண்ணீர் தெளித்தார். நான் கதவைத் தள்ளினேன்.

“பூசை நடக்குது, வெளிய நில்லு அம்மிணி.”

“பேக்கப் நிக்கிறது இதனாலதான் சார்.”

ரங்காத்தாள் திரும்பினார். “கரண்ட அமத்தாமத் தண்ணி தெளிப்பாங்களா? படிச்ச புள்ளதான நீயி?”

அவர் சொன்னது சரிதான்.

“அமத்துங்கம்மா. ஆனா அமத்துறதுக்கு முன்னாடி நான் சாஃப்ட்வேர்ல சொல்லணும். போட்ட பெறகும் சொல்லணும். அதுக்கு நான் உள்ள இருக்கணும்.”

“நித்தீஷுக்குச் சொல்லிக்குடு. அவன் பண்ணட்டும்” என்றார் முதலாளி.

“சொல்லித் தரமாட்டேன் சார்.”

அவர் அம்மாவைப் பார்த்தார். தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

“குளிச்சுட்டு வந்திருக்கறயா?” என்றார் ரங்காத்தாள்.

“தெனமும் குளிச்சிட்டுத்தாம்மா வர்றேன்.”

“கற்பூரம் கரையுது. வந்து என்னமோ பண்ணு.”

கற்பூரம் காட்டி முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ரங்காத்தாள் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இப்பப் போடுங்க” என்றேன்.

போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. டிரைவைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லித் தட்டினேன். சேர்த்துக்கொண்டது.

மறுநாள் முதலாளி மாடிப்படியில் கேட்டார். “ஓடுச்சா?”

“ஓடுச்சு சார்.”

ஏறிப் போய்விட்டார். ஆடிட்டும் முடிந்தது. நித்தீஷுக்குப் பல்லடம் ரோட்டில் வேறு யூனிட் கிடைத்தது.

அடுத்த அமாவாசைக்கு முதல் நாள் செக்யூரிட்டி என்னிடம் வந்து, பூசை தொடங்கும் முன்பே நான் உள்ளே இருக்க வேண்டும் என்று முதலாளி சொல்லச் சொன்னதாகச் சொன்னார். என்னிடம் முதலாளி நேரில் சொல்லவில்லை.