பனிக்கட்டிமேல் நின்ற தண்ணீர்

என் புருஷனுக்கும் எனக்கும் நடுவில் பதினைந்தாயிரம் கிலோமீட்டரும் ஒரு ஐஸ் பட்டையும் கிடந்தன. கிலோமீட்டரைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அதற்கு விமானம் இருக்கிறது. ஐஸ்தான் உயிரை வாங்கியது. கொடுமை என்னவென்றால், அது எப்போது விலகும் என்று சொல்வதுதான் என் உத்தியோகம்.

மெல்பன் பக்கம் கிளேட்டனில் ஒரு மாடி ஆபீஸ். வடதுருவக் கடலோரத்துக் கிராமங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை சாமான் ஏற்றிப்போகும் கப்பல்களுக்கு, ஐஸ் எந்தப் பக்கம் நகர்கிறது, எங்கே உருகி வழி விடும் என்று தினம் சார்ட் அனுப்புவோம். எங்கள் பகல் அவர்களுக்கு ராத்திரி. அந்த ஊர் ஆபீஸ்காரர்கள் தூங்கும் நேரத்தில் நாங்கள் இங்கே ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களைப் பார்ப்போம். ஜூலையில் அங்கே ராத்திரியிலும் வெயில் அடிக்கும், அது வேறு கதை.

கௌரிசங்கர் அப்படி ஒரு கப்பலில் மூன்றாம் என்ஜினியர். தூத்துக்குடியில் கல்யாணம் முடிந்து பத்தொன்பது நாள் சேர்ந்திருந்தோம். அப்புறம் நான் மெல்பனுக்கு வந்தேன், அவன் கப்பலுக்குப் போனான். பதினாலு மாசம் ஓடிவிட்டது. ஒருவழியாக அவனுக்கு விசா வந்தது. அதில் ஒரு வரி: ஆகஸ்ட் ஒன்பதாம் தேதிக்குள் ஆஸ்திரேலியாவில் கால் வைத்தாக வேண்டும். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு எழுதினேன். அப்போது பார்த்து முடிவு செய்வோம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இங்கே வந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

ஆறடி ஆள் அவன். அவனுக்காகப் பெரிய கட்டில் வாங்கிப் போட்டு, நாலு மாசமாக அதன் ஓரத்தில் தூங்குகிறேன். நடுவில் படுத்தால் அவன் இடத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. பைத்தியம் என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று ஜூலை இருபத்திரண்டு. அவன் கப்பல் ஆறு நாளாக ஐஸின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே கிராமத்துக்குப் போய்ச் சாமான் இறக்கிவிட்டுத் துறைமுகம் திரும்ப ஒன்பது நாள் ஆகும். மறுநாளே கிளம்பினால் தேதிக்குள் வந்துவிடுவான். பாதியில் இறங்கி வர அங்கே பஸ் ஸ்டாப்பா இருக்கிறது?

காலையில் வந்த படத்தில் கரையோரம் நீளமாக ஒரு கறுப்புக் கோடு. தண்ணீர்! ஐஸ் விலகிவிட்டது! அதை நீலமாக வரைந்தேன். நாளை கப்பல் நுழையலாம் என்று எழுதினேன். விமான நிலையத்துக்கு எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சார்ட் வெளியே போக இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு யோகராணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். அவர் குறை சொல்லாத சார்ட்டை நான் பார்த்ததே இல்லை. கோடு கோணல், நிறம் சரியில்லை, காற்றைக் குறித்தாயா என்று ஆளைப் பிய்த்து எடுத்துவிடுவார். அன்றைக்கு அரை நிமிஷம் பார்த்தார். "ஓம், சரி, அனுப்பு" என்று கையெழுத்தைப் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் அனுப்பாமல் அவர் பக்கம் திரும்பினேன்.

"அக்கா, காத்து பாத்தீங்களா?"

"பாத்தனான்."

"மூணு நாளா வடக்கேருந்துதானே அடிக்குது?"

"ஓம்."

வடக்கிலிருந்து வரும் காற்று ஐஸைக் கரையோடு சேர்த்துத் தள்ளும். அப்புறம் கரையோரம் வழி எங்கிருந்து திறக்கும்? வெயிலில் ஐஸின் மேல்பக்கம் உருகிக் குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கும். மேலேயிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்கு அதுவும் கடலும் ஒன்றுதான். அடியில் ஆள் உயரத்துக்கு ஐஸ் அப்படியே இருக்கும். நம்பி நுழைந்தால் கப்பலின் அடி கிழியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லித்தரும் சமாச்சாரம் இது. எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் அன்றைக்கு எனக்குத் தண்ணீர்தான் வேண்டியிருந்தது.

"அப்ப ஏன்க்கா கையெழுத்துப் போட்டீங்க?"

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உண்மையாத் திறந்திருக்கும் எண்டு நானும் நினைக்கப் பாத்தனான், பிள்ளை. நீ ஒவ்வொரு நாளும் கலண்டரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதை என்னாலை பாக்கேலாமக் கிடக்கு."

அனுப்ப இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. இருவருமாக, ரேடார் வைத்துப் பார்க்கும் வேறொரு செயற்கைக்கோளின் படத்தை இறக்கினோம். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், எங்காவது கப்பல் நுழையும் அளவுக்கு நிஜமான தண்ணீர் இருந்துவிடாதா என்று. விரிசல்கூட இல்லை. நீலத்தை அழித்துச் சிவப்பு அடித்தேன். வழி இல்லை, குறைந்தது இரண்டு வாரம் காத்திருக்கவும். அக்கா மறுபடி கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரமும் ஒன்பது நாளும் கூட்டினால் ஆகஸ்ட் பதினாலு.

அனுப்பிவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். நல்ல காரியம் செய்தோம் என்ற பெருமை ஒன்றும் வரவில்லை. ஐஸை, காற்றை, விசா ஆபீசரை, கப்பல் வேலைக்குப் போன அவனை, எல்லாரையும் மனசாரத் திட்டினேன்.

மறுநாள் காலை வேலைக்குப் போக ஸ்பிரிங்வேல் ஸ்டேஷனில் நிற்கும்போது போன் அடித்தது. கப்பலின் சாட்டிலைட் போன். வாரத்துக்கு நாலு நிமிஷம் அவனுக்கு.

"ஹரி, சார்ட் வந்துச்சு." என் பெயரை அவன் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவான்.

"ம்."

"கரையோரம் கறுப்புக் கோடு ஒண்ணு இருந்துச்சுல்ல, அத எங்க கேப்டனும் சாட்டிலைட் படத்துல பாத்துட்டாரு. உள்ள விட்டுடலாம்னு என்ஜினெல்லாம் ரெடி. உன்னோடது வந்ததும் நிறுத்திட்டாரு."

"எல்லாரும் திட்டினாங்களா?"

"திட்டாம? நானும் சேந்துதான் திட்டுனேன். அப்புறம் கேப்டன் கீழ பேரப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டாரு. இது உன் பொண்டாட்டிதானே, நீ வீட்டுக்கு வர்றது அவளுக்குப் பிடிக்கலையான்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அவளுக்கு நான் முழுசா வேணும் சார்னு சொன்னேன்."

ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. நான் ஏறவில்லை.

"முழுசாவும் வேணும்டா, ஒன்பதாந்தேதிக்குள்ளயும் வேணும்!" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. லைன் அதற்குள் போய்விட்டது.