கீழே நிற்கும் இவர்

கடக்கென்று ஒரு சத்தம். லிஃப்ட் நின்றது.

கஜீவன் பொத்தான்களை மாறி மாறி அழுத்தினான். அசைவில்லை. ஸ்காபரோவின் அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் படுத்துவிடுவது புதிதல்ல. கூட நிற்பது யார் என்பதுதான் பிரச்சினை. தங்கேஸ்வரி அன்ரி! அம்மாவின் உயிர்த்தோழி. அவர் காதில் ஒன்று விழுந்தால் பொழுதுபடுவதற்குள் பக்கத்து ஊர் பிக்கரிங் வரை போய்விடும்.

"ஆள் வருது, பொறுங்கோ எண்டு ஸ்பீக்கரில சொல்லுறாங்கள். உதென்ன கையில?"

"இசைத்தட்டு அன்ரி. றீற்றா பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு புது அல்பம் விட்டிருக்கிறா. இண்டைக்கு டவுன்டவுனில பார்ட்டி."

"குடிச்சுப்போட்டு மேடையில விழுந்தவளோ? இன்னும் சாகேல்லையோ?"

விழுந்தவள்தான். ரேடியோக்காரர்கள் அவளைக் கைகழுவினார்கள். ஆண்களை நேசிக்கும் ஆண்கள் கைவிடவில்லை. சேர்ச் வீதி மதுக்கூடங்களில் பொன்னிற விக் மாட்டி, அவளாகவே வேடமிட்டு ஆடினார்கள். பதினேழு வயதில் கஜீவன் போர்வைக்குள் அழுததும் அவள் குரலைக் கேட்டுத்தான். இதையெல்லாம் அன்ரியிடம் சொல்ல முடியுமா?

சொல்லவில்லை. ஆனால் போனில் சிக்னல் இல்லாத எரிச்சலில் வாய் வேறொன்றை உளறிவிட்டது.

"ச்சே! இவர் கீழ நிண்டு பயப்படப்போறார்."

சொன்ன பிறகுதான் அது அவனுக்கே கேட்டது. பெயரில்லாமல் வெறும் 'இவர்'. அன்ரி தன் புருஷனைச் சொல்லும் அதே 'இவர்'.

"ஆர் தம்பி, இவர்?"

"பிரெண்ட்..."

"பிரெண்டை ஆரும் இவர் எண்டுறதோ? கலியாணம் முடிச்ச நாளில இருந்து எங்கட இவரின்ர பேரை நான் வாயால சொன்னதில்லை. எனக்கே கதை விடுறாய்?" அன்ரியின் பார்வை இசைத்தட்டு உறையிலிருந்த றீற்றாவின் படத்துக்குப் போய்த் திரும்பியது. "உவவுக்குப் பின்னால 'கே' பெடியள்தான் திரியிறவை எண்டு என்ர மகள் சொன்னவள்."

அன்ரி போனை எடுத்தார். அதிலும் சிக்னல் இல்லை. கஜீவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெட்டிதான் இப்போது அவனுக்குக் காவல். கதவு திறந்தால் சிக்னல் வரும். சிக்னல் வந்தால் அம்மாவுக்குச் செய்தி போகும். கடவுளே, திருத்த வருகிறவன் வராமலே இருக்கட்டும்!

"பயப்பிடாதை, நான் வாய் திறக்கமாட்டன்." அன்ரியின் குரல் தேனாயிற்று. "ஞாயிற்றுக்கிழமை வந்து என்ர பெறாமகள், தங்கச்சியின்ர மகள் மதுராவைப் பார். கலியாணம் முடிச்சா உதெல்லாம் பறந்திடும்."

"மாட்டன் எண்டா?"

"கொம்மா பாவம். பிரஷர்காரி."

பெட்டிக்குள் இன்னொரு பெட்டி.

லிஃப்ட் குலுங்கி இறங்கியது. கதவு திறந்தது. எதிரே ஜூலியன். டீசேர்ட் முழுக்க றீற்றாவின் முகம். மூன்று வருடமாக அவன் இந்த லொபியைத் தாண்டி மேலே வந்ததில்லை.

அன்ரியின் போன் டிங் டிங்கென்று உயிர்பெற்றது.

"என்ன தம்பி, ஞாயிறு வாறியோ?"

கஜீவன் வெளியே வந்தான். ஜூலியனின் கையைப் பிடித்தான். விடவில்லை.

"அன்ரி, இவர்தான் இவர்."

அன்ரியின் விரல் திரைக்குப் போனது. கஜீவனின் விரல் முந்திக்கொண்டது. பதினாலாம் மாடி வீட்டில் அம்மாவின் போன் அடித்தது.

"அம்மா, கதவைப் பூட்டாதேங்கோ. நாங்கள் ரெண்டு பேர் மேல வாறம்."

"ரெண்டு பேரோ? மற்றது ஆரடா?"

"வந்து சொல்லுறன். லிஃப்டை நம்பேலாது. படியாலதான் வாறம்."