நின்றுபோன நடுக்கம்

மருமகள் தையல் கம்பெனிக்குக் கிளம்பும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள். "மாமா, கன்னு போட்டதும் சீம்பால் குடுத்துடுங்க. நஞ்சு விழட்டும்னு உக்காந்திருக்காதீங்க."

மாட்டு டாக்டர் சொன்னாராம். ஊசிக்குக் காசு வாங்குகிற ஆள் எதையும் சொல்வார். நஞ்சுக்கொடி விழாமல் மடியில் கைவைத்துப் பழக்கமில்லை எனக்கு.

அவள் போன கொஞ்ச நேரத்தில் பசு கன்று போட்டது. தூறல், ஊசிக் காற்று. ஈரத்தோடு கன்று வெடவெடவென்று நடுங்கியது. மேலே ஒரு சாக்கைப் போட்டேன். நஞ்சு விழவில்லை, நானும் பால் கொடுக்கவில்லை. மதியத்துக்கு மேல் நடுக்கம் நின்றது. அப்பாடா, குளிர் விட்டதென்று காலை நீட்டி உட்கார்ந்தேன்.

சாயங்காலம் வந்தவள் தோள்பையைக்கூட இறக்காமல் கன்றின் வாயில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"வாயெல்லாம் ஜில்லுனு இருக்கு. பால் குடுத்தீங்களா மாமா?"

"வயிறு முட்டக் குடிச்சுது." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்புறம் ஏன் இப்படித் துவண்டு கிடக்கு?"

"ரொம்ப நேரம் நடுங்கிச்சு. மத்தியானத்துக்கு மேலதான் அடங்கிச்சு. நல்லதுதானே?"

"என்ன நல்லது! நடுங்கினாத்தான் சதை வேலை செஞ்சு உடம்புக்குச் சூடு வரும். இதுக்கு நடுங்கக்கூடத் தெம்பில்ல. பால் குடிச்சும் இப்படின்னா ஏதோ நோய்தான். டாக்டரைக் கூப்பிடுறேன்." போனை எடுத்தாள்.

இல்லாத நோய்க்கு அவர் வந்து சேர்வதற்குள் கன்று போய்விடும்.

"போனை வை. நான் பால் குடுக்கவே இல்ல."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். "வெந்நீர் வைங்க" என்றாள். அவ்வளவுதான்.

வெந்நீர் பாட்டில்களைக் கன்றின் இரண்டு பக்கமும் அண்டக்கொடுத்துச் சாக்கால் தேய்த்தேன். அவள் சீம்பால் கறந்து வந்தாள். கன்று விரலைச் சப்பத் தொடங்கிய பிறகு புட்டியில் கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. பிறகு தொடைச் சதை துடித்தது. முதுகு ஆடியது. உடம்பு முழுக்க நடுங்கியது.

"நடுங்குடா ராசா, நல்லா நடுங்கு!" என்று சிரித்தாள். "உங்களை மாதிரியே அழுத்தக்காரன் மாமா, லேசுல போகமாட்டான்."

என்னால் சிரிக்க முடியவில்லை.

வெளியூரில் லாரி ஓட்டும் என் மகன் அப்போது போன் செய்தான். "கன்னு பொழைச்சுது. உங்கப்பாதான் தேய்ச்சுத் தேய்ச்சுக் காப்பாத்தினாரு" என்றாள் அவனிடம். போனை என் பக்கம் நீட்டினாள். "பேசணுமாம்."

"கையெல்லாம் ஈரம்னு சொல்லு" என்றேன்.

கை காய்ந்துதான் இருந்தது.