கரையடியில் கலங்கல்

ஆற்றுக்கு நடுவே கிடந்த அந்தத் தீவு ஓரிடத்தில் நிற்கிற தீவு இல்லை. மேல்முனையில் ஆறு கரைத்து எடுப்பதைக் கீழ்முனையில் கொண்டுபோய்ப் படியவைக்கும். ஐம்பது வருஷத்தில் ஒரு கூப்பிடு தூரம் நகர்ந்திருந்தது. மீன் பிடிக்கிறவர்களுக்கு இது தெரியும். அதன்மேல் அலுமினிய ஆலை கட்டியவர்களுக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் தாதுமண் ஏற்றிவரும் தோணிகள் நேராக வந்து நிற்க அதைவிட வசதியான இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த மண்ணிலிருந்து அலுமினியத்துக்கான வெள்ளைப் பொடியைப் பிரித்த பிறகு மிஞ்சும் சிவப்புச் சேற்றை எங்கே கொட்டுவது என்ற கேள்வி வந்தபோது, மேல்முனையில் இடம் சும்மாதானே கிடக்கிறது என்று யாரோ சொல்ல, அங்கேயே நாலு பக்கமும் மண்கரை எழுப்பிக் குளம் கட்டிவிட்டார்கள். பட்ட இடத்தில் தோலைத் தின்கிற காரச் சேறு அது.

அந்தக் கரையை அளப்பதுதான் அவளுக்கு வேலை. கரை எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஆறு எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று வாரம் ஒருமுறை, நட்டுவைத்த முளைக்கு முளை அளந்து எழுதுவாள். மட்டம் பார்க்கும் லெவல் கருவியும் கையுமாக அலைந்ததால், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளை லெவலக்கா என்றே கூப்பிட்டார்கள். அளவுகோலைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்பவருக்குச் சிக்கனம் என்று பெயர். சிக்கனமெல்லாம் பேச்சில்தான். நாளைக்கு இத்தனை வார்த்தை என்று யாரோ அளந்து கொடுத்ததுபோல் பேசுவார்.

மேலே மலைப்பக்கம் ஐந்து நாளாக மழை. அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு தேநீர் நிறத்தில் தீவின் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு ஓடியது. போன வாரம் கடைசி முளையிலிருந்து தண்ணீர் முப்பத்தொரு மீட்டர் தள்ளி இருந்தது. அன்று காலை ஒன்பது மணிக்கு நாடாவை இழுத்துப் பார்த்தால் பதினாலு. அவள் குறித்து முடிப்பதற்குள் ஒரு மாட்டுவண்டி அளவுக்கு மண் பெயர்ந்து ஆற்றில் விழுந்தது. மறுபடி அளந்தாள். பதினொன்று.

சிக்கனம் முளையைப் பார்த்தார். “நாளைக்கு இருக்காது” என்றார்.

அதைவிட மோசமான ஒன்று கரைக்கு அடியில் இருந்தது. சேற்றுக்குளத்தின் கரையடியில் ஓரிடத்தில் ஊற்றுபோல் நீர் கசிந்துகொண்டிருந்தது. கசிவு புதிதல்ல. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிவாக வரும்வரை பயமில்லை. அவள் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தாள். கலங்கல். கொஞ்ச நேரத்தில் பாட்டிலின் அடியில் விரல்கடை மண் படிந்தது. கரையை உள்ளேயிருந்து தண்ணீர் அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அரைமணி கழித்துப் பிடித்த இரண்டாவது பாட்டிலில் மண் இரண்டு விரல்கடை.

இரண்டு பாட்டில்களையும் கொண்டுபோய் மேலாளரின் மேசைமேல் வைத்தாள்.

“சார், கரை உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டிருக்கு. ஆறும் வெளியே அடியைப் பறிக்குது. கீழே ஊருக்குச் சொல்லிடணும்.”

மேலாளர் கெட்டவர் இல்லை. அவள் மகளின் காய்ச்சலுக்குத் தன் வண்டியையே கொடுத்தனுப்பியவர். அவர் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

“தலைமை அலுவலகத்துல கேட்டிருக்கேன். நிபுணர் வர்றாராம், மூணு மணிக்கு.”

“மூணு மணிக்கு அவர் வந்து பார்க்க கரை இருக்காது சார்.”

“இருக்காதுன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?”

அவள் பாட்டில்களைப் பார்த்தாள். நிச்சயமாக எப்படித் தெரியும்?

“பார்த்தீங்களா. ஊருக்கு இப்ப சொன்னா பீதிதான் கிளம்பும். ஒண்ணும் ஆகலைன்னா நம்ம மானம் கப்பலேறும். நம்ம ஆளுங்களை வேணும்னா அக்கரைக்குப் போற பாலத்துப்பக்கம் நகர்த்தச் சொல்றேன். வெளியில வாயைத் திறக்காதீங்க.”

அவள் வெளியே வந்து ஏணிப்படிக்கு அடியில் நின்றாள். பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே நகரத்தின் குடிநீர் நிலையம். ஆற்றிலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறார்கள். வெள்ளம் போகிற வேகத்துக்குச் சேறு ஒன்றரை மணியில் அங்கே இருக்கும். அங்கே பம்ப் பார்ப்பவன் அவளுடைய அண்ணன். இரண்டு வருஷமாக அவளோடு பேசாதவன்.

குளம் கட்டுவதற்கு முன் நடந்த மக்கள் கூட்டத்தில், கரை நூறு வருஷத்துக்கு அசையாது என்ற அறிக்கையை ஆலை சார்பில் மேடையேறிப் படித்தவள் அவள்தான். கூட்டத்தில் எழுந்து, ஆறு தள்ளி வந்தா என்னம்மா செய்வீங்க என்று கேட்டவன் அண்ணன். முன்பின் தெரியாதவளிடம் கேட்பதுபோல் கேட்டான். அவளும் அப்படியே பதில் சொன்னாள். அன்றோடு போக்குவரத்து நின்றது.

கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். அவனே துண்டித்தான். அண்ணியைக் கூப்பிட்டாள்.

“அண்ணி, அண்ணன் எங்கே?”

“பம்ப் ஹவுஸ்லதான். என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?”

“ஓடிப்போய் போனை அவர் காதுல வைங்க. திட்டினாலும் எடுக்காதீங்க. வைங்க.”

ஊழியர் குடியிருப்பு பம்ப் ஹவுஸுக்குப் பின்னாலேயே இருந்தது. அண்ணியின் மூச்சிரைப்பு கேட்டது, செருப்புச் சத்தம் கேட்டது, அப்புறம் மோட்டார்களின் இரைச்சல்.

“சொல்லு” என்றான் அண்ணன்.

“மதகை மூடுங்கண்ணா. சேத்துக்குளம் உடையப் போகுது.”

“யார் சொல்லச் சொன்னது?”

“யாரும் சொல்லல. சொல்லக்கூடாதுன்னாங்க.”

மோட்டார் இரைச்சலுக்கு மேலாக அவன் குரல் உயர்ந்தது.

“டாங்க் பாதிதான் நிரம்பியிருக்கு. இப்ப நிறுத்தினா மத்தியானமே ஊருக்குத் தண்ணி இல்ல, ஆஸ்பத்திரிக்கு இல்ல. உத்தரவு இல்லாம மூடினா என் வேலை போறது மட்டும் இல்ல, ஊரே என்னை உரிச்சு உப்புத் தடவிடும். எப்ப உடையும்?”

“தெரியல.”

“அன்னிக்கு எல்லாம் தெரியும்னு படிச்சியே.”

“அன்னிக்கு எழுதிக் குடுத்ததைப் படிச்சேன். இன்னிக்குக் கண்ணால பார்த்ததைச் சொல்றேன். ஊற்று கலங்கி வருதுண்ணா. என்னை எவ்வளவு வேணும்னாலும் அப்புறம் திட்டிக்கோங்க.”

“மூணு மதகு. கையாலதான் சுத்தி இறக்கணும். முக்கால் மணி ஆகும்” என்றான். யாருக்கோ சொல்வதுபோல் இருந்தது. போனை வைத்துவிட்டான். மூடப் போகிறானா இல்லையா என்று சொல்லவில்லை.

மணி பதினொன்று பத்து. அவள் கரைக்கு ஓடினாள். ஊற்று இப்போது ஒரு குடத்து வாய் அளவு. அதைப் பார்த்ததும் திரும்பி ஓடி, அலுவலகக் கட்டடத்தின் சுவரில் இருந்த தீ அபாய மணியின் கண்ணாடியை முழங்கையால் உடைத்து அழுத்தினாள். மேலாளர் வாசலுக்கு வந்தார். அவளைப் பார்த்தார். அணைக்கச் சொல்லவில்லை. “பாலத்துக்கு, எல்லாரும் பாலத்துக்கு” என்று அவரும் கத்த ஆரம்பித்தார்.

நூற்று நாற்பது பேர் பாலத்தை நோக்கி நடந்தார்கள், பிறகு ஓடினார்கள். ஆனால் படகுத்துறை குளக்கரைக்கு நேர் கீழே, பள்ளத்தில் இருந்தது. அங்கே தோணியில் மண் இறக்கிக்கொண்டிருந்த பதினோரு பேருக்குப் பாரந்தூக்கி இயந்திரத்தின் சத்தத்தில் மணி கேட்கவில்லை. அவளும் சிக்கனமும் சரிவில் இறங்கினார்கள்.

“வாங்கடா மேல, குளம் வருதுடா” என்று சிக்கனம் போட்ட சத்தத்தில் தூக்கிக்காரரே இயந்திரத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அந்த மனிதருக்குள் அவ்வளவு குரல் இருந்தது யாருக்குத் தெரியும்?

கரை உடையும்போது பெரிய சத்தம் கேட்கும் என்று அவள் நினைத்திருந்தாள். அப்படி எதுவும் கேட்கவில்லை. நடுவில் ஒரு முப்பதடி நீளம், களைத்தவன் உட்காருவதுபோல், அப்படியே அமர்ந்தது. அந்த வழியே சிவப்புச் சேறு அவசரமில்லாமல் வழிந்தது, பிறகு அவசரமாக. பத்துப் பேர் மேடேறிவிட்டார்கள். கடைசி ஆள் வழுக்கி விழுந்தான். சிக்கனம் இறங்கி அவன் சட்டையைப் பிடித்து மேட்டில் இழுத்துப் போட்டார். சேறு அவர் முழங்கால்வரை வந்து போனது. அவள் மேட்டிலிருந்த குழாயைத் திறந்து அவர் காலில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ஆறு வலது பக்கம் முழுக்க சிவந்தது. மணி பதினொன்று ஐம்பத்தைந்து. அவள் அண்ணியைக் கூப்பிட்டாள்.

“மூணாவதைச் சுத்திக்கிட்டிருக்கார்மா” என்றாள் அண்ணி. “கை உரிஞ்சு ரத்தம் வருது. நானும் ஒரு பக்கம் பிடிச்சிருக்கேன். போனை வை.”

சேறு நகரத்தைத் தொட்டது ஒன்றே காலுக்கு. அதற்குள் ஊரில் குழாய்கள் வறண்டு, பம்ப் ஹவுஸ் வாசலில் கூட்டம் கூடியிருந்தது. அதிகாரி ஒருவர் அண்ணனை அங்கேயே தற்காலிக நீக்கம் செய்து, மதகைத் திறக்க வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஆறு நிறம் மாறியது. மீன்கள் வயிறு மேலாக வந்தன. குடத்தோடு நின்ற ஒருத்தி அதிகாரியைப் பார்த்து, “இதையா திறக்கச் சொல்றீங்க?” என்று கேட்டாள். ஒன்பது நாள் ஊர் லாரித் தண்ணீர் குடித்தது. யாரும் சாகவில்லை. ஆற்றில் அறுபது கிலோமீட்டருக்கு மீன் என்று ஒன்று மிஞ்சவில்லை. வலை வீசிப் பிழைத்தவர்கள் கூலி வேலைக்குப் போனார்கள்.

இயற்கைச் சீற்றம் என்று ஆலை அறிக்கை விட்டது. அவளை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தில் அபாய மணியை அனுமதியின்றி அழுத்தியதாகக் காரணம் எழுதியிருந்தது.

நாலாம் நாள் பகலில் மருத்துவமனையில், சிக்கனத்தின் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலது காலைக் காப்பாற்றிவிடலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இடது பாதம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் உள்ளே வந்தான். இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. சிக்கனத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, நாற்காலி இல்லாததால் சன்னல் திண்டில் சாய்ந்தான்.

“மொத்தக் குளமும் காலியா?” என்று கேட்டான்.

“இல்ல. பாதி இன்னும் அங்கேதான் கிடக்கு.”

“ஆறு?”

“வத்தலண்ணா. மிச்சம் நிக்கிற கரைக்கும் ஆத்துக்கும் நடுவுல பத்து மீட்டர்கூட இல்ல. அடுத்த மழைக்குத் தாங்காது.”

“இது யார் யாருக்குத் தெரியும்?”

“எனக்கு, சிக்கனத்துக்கு. மேலாளருக்கு.”

“கலெக்டருக்குப் புகார் எழுதினா அவரும் சொல்லுவாரா?”

அவள் யோசித்தாள். “கேட்டுப் பார்க்கணும்.”

“அப்ப கிளம்பு” என்றான் அண்ணன். “அவர் வீட்டுக்குப் போறதுக்குள்ள பிடிச்சிடலாம்.”

அவள் செருப்பைத் தேடினாள். சிக்கனம் தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, “என் பேரையும் போடுங்க” என்றார்.