சுடுதண்ணி வாளி

பொங்கல் முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் வீரய்யா தன்னைக் குளிப்பாட்டிவிடச் சொல்லி என்னிடம் கேட்டார். இதில் என்ன இருக்கிறது என்று வெளியாருக்குத் தோன்றும். படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒருவர் எங்கள் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் அதற்கு அர்த்தம் வேறு. விடியற்காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, பச்சைத்தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி, அதற்கு மேல் இளநீரும் கொடுப்பார்கள். ஆள் இரண்டொரு நாளில் அடங்கிவிடுவார். மதுரைப் பக்கத்திலிருந்து எங்கள் பாட்டன் பூட்டன் கொண்டுவந்த வழக்கம் அது. இப்போது செய்கிறவர்கள் இல்லை, ஆனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் அதைத் தெரியாதவர்களும் இல்லை. கொலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "குளிப்பாட்டி அனுப்பிட்டோம்" என்பார்கள்.

அவருக்கு வயிற்றில் ஆரம்பித்த புற்று முதுகெலும்பு வரை போய்விட்டது. இனி வெட்டி எடுக்க வழியில்லை, வலிக்கு மருந்து தருகிறோம், கிளினிக்குக்கு வந்துகொண்டிருங்கள் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கொஞ்ச நாள் போனோம். அதற்குள் படுத்துப் படுத்து முதுகில் புண் வந்து, அது வாடை அடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள். அதோடு சரி. செத்தாலும் இனி வெளியே வர மாட்டேன் என்று படுத்துக்கொண்டார். மேலுக்குத் தண்ணீர் ஊற்றவும் விடவில்லை, தொட்டால் வலிக்கிறது என்றார். நான் மட்டும் போய்க் கேட்டேன். ஆளைப் பார்க்காமல் மருந்தைக் கூட்டித் தர முடியாது என்றார்கள், அதுவும் நியாயம்தானே. வலி கிளம்பினால் துண்டைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொள்வார்.

"ராணி, என்னையக் குளிப்பாட்டி விட்டுரு புள்ள" என்றார்.

"மொதல்ல வாயக் கழுவுங்க."

"வெளாட்டுக்குச் சொல்லல. எங்கப்பாவுக்கு நான்தான் ஊத்துனேன். அவரு ரெண்டு கையையும் எடுத்து என்னையக் கும்புட்டுட்டுத்தான் போனாரு. பாசம் இல்லாமயா ஊத்துனேன்?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும், பாத்திரம்தான் பேசும். அன்றைக்கு நான் கழுவிய சட்டியின் சத்தம் அடுத்த லயத்துக்குக் கேட்டிருக்கும்.

அவர் விடவில்லை. காலையில் கேட்பார், சாயந்தரம் கேட்பார். நான் மசியவில்லை என்று தெரிந்ததும் போனை எடுத்துத் தன் அக்காவிடம் கேட்டுவிட்டார்.

அவருடைய அக்கா ராசம்மா நல்லதண்ணி என்கிற ஊரில் கடை போட்டிருப்பவர். சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்களுக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் விற்பார். சீசனில் நாலு காசு பார்த்தால்தான் மீதி வருஷம் அடுப்பு எரியும். அப்படிப்பட்ட நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு மூன்று பஸ் மாறி வருகிறவருக்குத் தம்பி மேல் எவ்வளவு பாசம் இருக்க வேண்டும். அதையெல்லாம் யோசிக்கிற நிலைமையில் நான் இல்லை. அவர் பையிலிருந்து எண்ணெய்ப் போத்தலையும் செவ்விளநீரையும் எடுத்து வைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணி, ஆளப் பாக்க வந்தீங்களா, அனுப்பி வைக்க வந்தீங்களா?"

"அவன் கூப்புட்டான், வந்துருக்கேன்" என்றார் அண்ணி. "துண்டக் கடிச்சுக் கடிச்சு அவனுக்குப் பல்லு ஆடுது. நீ பாக்கலயா? அவன அவனுக்காக வச்சிருக்கியா, இல்ல ஒனக்காக வச்சிருக்கியா?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. எனக்காகத்தான். பொழுது விடிந்தால் அதட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும், தேத்தண்ணி ஊற்றினால் குறை சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அவர் படுகிற பாட்டை ஒரு தட்டிலும் என் ஆசையை ஒரு தட்டிலும் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்கவில்லை.

அன்று சாயந்தரம் வலி வந்தபோது அவர் துண்டைக்கூடத் தேடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ ஊத்தலன்னா அக்கா ஊத்தும். ஆனா ஒங் கையால ஊத்துனா எனக்கு நல்லாருக்கும்."

"சரி" என்றேன். "நாளைக்கிக் காலையில நானே ஊத்துறேன். வேற யாரும் தொடக்கூடாது."

ஏமாற்றுவதற்காகச் சொன்னதல்ல. ஊற்றிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தேன். அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் முடிவு செய்திருப்பீர்கள்.

விடிந்ததும் இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். மலையிலிருந்து குழாய் வழியாக விழுகிற தண்ணீர் அது. புல்லெல்லாம் பனி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. முதல் வாளி நிறைவதற்குள்ளேயே விரல்கள் மரத்துவிட்டன. வாயருகே வைத்து ஊதினேன், தேய்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய தகர வாளி ஞாபகம் வந்தது.

நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் தோட்டத்து பக்டரியில் கொழுந்து காயவைக்கிற மெஷின் அடுப்புக்கு விறகு போடுகிறவர். நான் மலையில் கொழுந்து எடுப்பேன். மழை நாளில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்போது என் விரல்கள் மடங்கவே மடங்காது. அவர் ஒரு தகர வாளியில் தண்ணீர் பிடித்து அடுப்புச் சுவர் ஓரமாக வைத்திருந்து, வேலை முடிந்ததும் மேலே சாக்கைப் போட்டு மூடி வீட்டுக்குத் தூக்கி வருவார். என் இரண்டு கையையும் பிடித்து அதற்குள் அமுக்குவார். பொண்டாட்டிக்குத் தண்ணி சுமக்கிறான் என்று லயமே அவரைக் கேலி செய்தது. "நாள் பூரா நெருப்புக்கிட்ட நிக்கிறேன். எனக்கு ஓசியில கெடைக்கிற சூடு, அவளுக்கும் கொஞ்சம் இருக்கட்டும்" என்று சிரிப்பார். பிள்ளை பிறந்து, அவளும் பெரியவளாகிக் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகும் அந்த வாளி வந்துகொண்டிருந்தது. ஒரு நாளாவது நான் நன்றி சொல்லியிருக்கிறேனா? கட்டின புருஷனுக்கு எந்தப் பெண் நன்றி சொல்கிறாள்? தண்ணி ஆறிப்போச்சு என்று குறைதான் சொல்லியிருக்கிறேன்.

பீலியடியில் நின்று அழுதேன். பிறகு வாளிகளைத் தூக்கி வந்து அண்டாவில் ஊற்றி அடுப்பில் ஏற்றினேன். தேயிலைச் செடி வெட்டும்போது பொறுக்கி வந்த மிலாறுக் குச்சி ஒரு கட்டுக் கிடந்தது. முழுவதையும் பிரித்து அடுப்பில் வைத்தேன்.

புகையைப் பார்த்துவிட்டு அண்ணி எழுந்து வந்தார்.

"என்ன ராணி இது?"

"குளிப்பாட்டச் சொன்னாரு. குளிப்பாட்டப் போறேன்."

"அவன் கேட்டது இது இல்ல."

"தெரியும் அண்ணி. இத்தன வருஷம் எங் கையச் சுட வச்ச மனுசன் மேல பச்சத்தண்ணி ஊத்த எனக்குக் கை வராது. நீங்க சொல்றதத் தப்புன்னு நான் சொல்லல. ஊத்துறதுன்னா நீங்க ஊத்துங்க. நான் கீழ ரோட்டுக்குப் போயிர்றேன். எல்லாம் முடிஞ்சதும் கூப்புடுங்க."

அண்ணி என்னைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார். எண்ணெய்ப் போத்தல் அவர் கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அடுப்புக்கு முன்னால் குந்திக்கொண்டார்.

இருவருமாக அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். அண்ணி கொண்டுவந்த எண்ணெயையே தலையில் தேய்த்தேன். அவர் கண்ணை மூடிக் கையைக் கூப்பிக்கொண்டார். உதடு முருகா முருகா என்றது. நான் சொம்பை எடுக்கும் சத்தம் கேட்டதும் உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு பல்லைக் கடித்தார். சாவுக்குத் தயாராக என் முன்னால் உட்கார்ந்திருந்தார் அந்த மனுஷன். முருகனைக் கூப்பிட எனக்கு நேரமில்லை. ஊற்றிவிட்டேன்.

ஒரு முறை குலுங்கினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஆவி பறக்கிற அண்டாவைப் பார்த்தார். திட்டப்போகிறார், திட்டட்டும் என்று நின்றேன். கூப்பிய கை மெதுவாகப் பிரிந்து மடியில் இறங்கியது.

"சூடு பத்தாது" என்றார்.

அடுப்போடு ஆயுளைக் கழித்தவர் வேறு என்ன சொல்வார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அண்ணி மூக்கைச் சிந்திவிட்டு இன்னும் இரண்டு மிலாற்றை அடுப்பில் தள்ளினார். அவருக்கு எந்தச் சூடு பிடிக்குமோ அந்தச் சூட்டில், ஆசை தீர ஊற்றினேன். புண்ணைப் பதமாகக் கழுவி, சவர்க்காரம் போட்டு, துவட்டி, பவுடர் போட்டு, தீபாவளிச் சட்டையை மாட்டிவிட்டேன். இளநீரையும் கொடுத்தோம். குடித்துவிட்டு மத்தியானம் வரை முனகாமல் தூங்கினார்.

சுடுதண்ணீரில் புற்றுநோய் கரைந்துவிட்டது என்று நான் கதை விட மாட்டேன். எழுந்ததும் வலி வந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் நடந்தது. தன் கையைத் தூக்கி மோந்து பார்த்துக்கொண்டார்.

"வாடை இருக்கா?" என்று கேட்டார்.

"மாப்பிள்ள மாதிரி மணக்குறீங்க."

"அப்ப ஒரு ஆட்டோ பேசு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாப்போம்."

போகிற வழியெல்லாம் அண்ணிதான் அவர் தலையை மடியில் வைத்திருந்தார். கிளினிக்கில் சிங்கள டாக்டர் பிள்ளை ஒருத்தி, எங்கள் மகள் வயதுதான் இருக்கும். "ஏன் இவ்வளவு நாள் வரல்ல? வலி நாங்க கொறைக்க ஏலும்தானே" என்று அரைகுறைத் தமிழில் எங்களைக் கடிந்துகொண்டாள். பிறகு அவர் தோளைத் தொட்டு, மூக்கைச் சுளிக்காமல் புண்ணைப் பார்த்தாள். கூடின மருந்து கொடுத்தாள், நேரம் தவறாமல் கொடுக்கச் சொன்னாள், புண்ணுக்குக் கட்டுப் போட எனக்குக் கற்றுத் தந்தாள். அந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். நான் விளக்கு வைக்கும்போதெல்லாம் அவளையும் நினைத்துக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு கிடைத்த நாட்கள் எனக்கு இனாமாக வந்தவை. வலி அடியோடு போகவில்லை, ஆனால் துண்டு கொடியிலேயே கிடந்தது, யாரும் அதைக் கடிக்கவில்லை. வெயில் வந்தால் வாசலில் உட்காருவார். போகிற வருகிறவர்களிடம் அரசியல் பேசுவார். நான் அடுப்பு மூட்டுகிற விதம் சரியில்லை என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். மகள் சுலக்ஷனா சித்திரை வருஷப் பிறப்புக்கு வந்து கூட இருந்தாள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை சுடுதண்ணீர் வைத்தேன். விறகு என்ன மரத்திலேயா காய்க்கிறது என்று நான் அலுத்துக்கொள்வேன். மனசுக்குள் மட்டும் இன்னும் கேளுங்கள், இன்னும் கேளுங்கள் என்று இருக்கும்.

ஒரு நாள் தலை துவட்டிவிடும்போது சொன்னார்.

"அன்னிக்கு நீ என்னைய ஏமாத்திட்ட."

"ஆமா. அதுக்கு இப்ப என்ன?"

"நல்லதாப் போச்சு." துவட்டுகிற கையைப் பிடித்து நிறுத்தினார். "ஆனா ராணி, நாள் வந்துருச்சுன்னா இழுத்துப் புடிக்காத. என்ன?"

"தள்ளி விடவும் மாட்டேன், இழுத்துப் புடிக்கவும் மாட்டேன். போதுமா?"

போதும் என்று தலையாட்டினார்.

வைகாசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. கண்டிக்கு அனுப்பி மெஷினில் வைக்கலாம், ஆனால் பெரிய பலன் இருக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். சொல்ல மனசில்லை, ஆனாலும் கொடுத்த வாக்கு. மருந்தோடு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மறுநாள் காலைச் சாப்பாட்டு நேரம், என் இரண்டு கைக்குள்ளும் அவர் கை இருக்கும்போது மூச்சு நின்றது. வலி இல்லாமல் போனார். வேறென்ன வேண்டும் எனக்கு.

அண்ணி நல்லதண்ணியிலிருந்து வந்து சேர்ந்தபோது என் வீட்டுக்காரரைக் குளிப்பாட்டப் பீலியிலிருந்து தண்ணீர் எடுத்து வந்திருந்தார்கள். நான் எழுந்து போய் அந்தக் குடங்களை அண்டாவில் கவிழ்த்து அடுப்பை மூட்டினேன். கூடியிருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம், புருஷன் போன கலக்கம்" என்றாள் ஒருத்தி. "போன ஒடம்புக்கு யாராவது சுடுதண்ணி வைப்பாங்களா?"

அண்ணி அவளை விலக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். அண்டாவுக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"சூடு பத்தாது ராணி" என்றார். "தம்பி திட்டுவான். இன்னும் ரெண்டு மிலாறு வையி."